முப்பத்தாறு பொத்தானும் ஒரு வெள்ளை அறையும்

மேனேஜர் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தாறு படங்கள். கடைசிப் படத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். எதிரில் நின்றவர் டிஸ்பேட்ச் குமாஸ்தா.

"நம்ம கம்பெனி என்னய்யா தயாரிக்குது?"

"பொத்தான் சார்."

"எங்கே பொத்தான்?"

"அதோ இருக்கே சார், படத்துல."

"படத்துல நீதான்யா இருக்கே. முப்பத்தாறு பொத்தான், முப்பத்தாறுலயும் நீ. இதுல உன் மூக்கு. இதுல வழுக்கை. இதுல பாரு, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறே. இதைக் கேட்டலாக்ல போட்டா வாங்கறவன் பொத்தானுக்கு ஆர்டர் குடுப்பானா, உனக்குக் குடுப்பானா?"

குமாஸ்தா குனிந்து பார்த்தார். உண்மைதான். கண்ணாடி போல மெருகேற்றிய உலோகப் பொத்தான். கடுகளவு, மிளகளவு, பெரியதென்றால் கட்டைவிரல் நகமளவு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டி மனிதன் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தபடி நின்றான். சாதாரணக் கண்ணாடியில் பார்த்தபோது அவ்வளவு மோசமாகத் தெரியாத முகம், பொத்தானின் வளைவில் பூசணிக்காய் மாதிரி உருண்டிருந்தது.

இந்த வேலையை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. மீட்டிங்கில் மேனேஜர், "புது கேட்டலாக்குக்கு யாராவது படம் எடுப்பீங்களா?" என்று கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் அவர்தான். எப்போதோ ஒரு மழைத்துளியை ஃபோனில் எடுத்துப் போட்டு, பதினேழு பேர் பாராட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் விரல் பட்டுத் தெரியாமல் பாராட்டியவர். அந்தத் தைரியம்.

"மூணு வாரம் தர்றேன்," என்றார் மேனேஜர். அலமாரியைத் திறந்து, எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டிருந்த கம்பெனி கேமராவையும், அருகில் எடுப்பதற்கென்று இருந்த ஒரு லென்ஸையும் தூசி தட்டி நீட்டினார். "கடைசி வாரம் ஆபீசுக்கு வர வேண்டாம். வீட்டுலயே உக்காந்து எடு. பொத்தான் தெரியணும். நீ தெரியக் கூடாது."

வேறு ஒருவராக இருந்தால் வெட்கத்தில் குறுகிப் போயிருப்பார். நம் குமாஸ்தாவுக்கோ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அவர் வாழ்க்கையில் பளிச்சென்று வந்த யோசனைகள் மொத்தம் நான்கு. முதல் மூன்றும் இப்போது வீட்டின் சின்ன அறையில் கிடக்கின்றன. அதைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும்.

அவர் குடியிருப்பது மாடி வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. இவை போக வடக்குப் பக்கமாக ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று. அதற்குள் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தது. வாங்கிய முதல் வாரம் அவர் மிதித்தார், அப்புறம் அதில் ஈரத் துண்டு காய்ந்தது. காற்றடித்து மிதக்கவிடும் சிவப்பு ரப்பர் படகு ஒன்று இருந்தது. தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும் என்பது அதை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது, தந்தி இல்லாத கிட்டார். இவற்றோடு முதுகு புடைத்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி, 'ஒரு நாள் உட்கார்ந்து படிக்கணும்' என்று கட்டி வைத்த எட்டு வருஷப் பேப்பர். அறைக்குள் போவதென்றால் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

அவர் மனைவி தையல்காரி. நல்ல கை. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த உடுப்பில்தான் நடமாடுகிறார்கள். ஆனால் அவள் மோட்டார் வைத்த தையல் மெஷினுக்கு இடம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடைவழியில். ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு, அவள் குனிந்தால் அவள் நிழலே துணியில் விழும். "அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணிக் குடுங்களேன்" என்று எட்டு வருஷமாகக் கேட்கிறாள். "பார்க்கலாம்" என்று எட்டு வருஷமாகச் சொல்கிறார். அவருக்கு அந்த அறை வேண்டும். வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம். எந்தத் தட்டில் எதை வைக்கலாம், எந்த நாற்காலியில் எப்போது உட்காரலாம் என்பதெல்லாம் அவள் சட்டம். அந்த ஒரு குப்பை அறையில் மட்டும்தான் அவர் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அது கையை விட்டுப் போனால் தன் வீட்டிலேயே தான் விருந்தாளி ஆகிவிடுவோம் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

இப்போது கம்பெனியே காரணம் கொடுத்துவிட்டது. ஸ்டுடியோ. அறையை ஸ்டுடியோ என்று அறிவித்துவிட்டால் அப்புறம் எந்த மெஷினும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அவள் கேட்கக்கூடிய கேள்விகள் ஏழு என்று கணக்குப் போட்டு, ஏழுக்கும் பதிலை பஸ்ஸிலேயே தயார் செய்தார். வீட்டுப் படி ஏறும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலை நிமிரவில்லை. "சாப்பிட்டுட்டு எடுத்தீங்களா, சாப்பிடாமலா?"

"அது எதுக்கு?"

"சாப்பிடாம எடுக்கற முடிவெல்லாம் சாப்பிட்டதும் மாறிடுதே, அதான் கேட்டேன்."

"இது மாறாது. சின்ன ரூமை ஸ்டுடியோ ஆக்கப்போறேன். கம்பெனி வேலை. பொத்தான் படம் எடுக்கணும்."

"ஆக்குங்க."

குமாஸ்தா தடுமாறிவிட்டார். கதவைத் தள்ளப் போனவன் கதவு ஏற்கெனவே திறந்திருந்தால் எப்படிப் போய் விழுவானோ அப்படி.

"என்ன சொன்னே?"

"ஆக்குங்கன்னேன். கம்பெனி வேலையாச்சே."

"நீ மெஷின் போடணும்னு கேட்டுக்கிட்டு இருந்தியே?"

"நான் இங்கேயே தைச்சுக்கறேன். எட்டு வருஷமா தைக்கலையா? நீங்க உங்க வேலையைப் பாருங்க."

தயார் செய்த ஏழு பதில்களும் கேள்வி வராமலே வீணாய்ப் போயின. விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே உஷாராகியிருப்பான். நம் ஆள் இரண்டு தோசைக்குப் பதில் நாலு தின்கிறவன் மாதிரி சந்தோஷமாகக் கை கழுவப் போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைச் செருகி, அதன் மேல் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு வெள்ளிநிறப் பொத்தானை வைத்தார். கேமராவை முக்காலியில் பொருத்தித் தான் சுவரோரம் ஒதுங்கி நின்று எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். இந்தத் தடவை பொத்தானுக்குள் அவர் இல்லை. பெருமையில் மனைவியைக் கூப்பிட்டார். அவள் டீயோடு வந்து, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல ஒரு சைக்கிள் நிக்குதே."

"எங்கே?"

"இதோ. ஹேண்டில்பார்கூடத் தெரியுது. அதுல என் பாவாடை காயுது."

பார்த்தார். தெரிந்தது. பளபளக்கும் பொருளை அருகில் வைத்துப் படமெடுப்பதில் இருக்கும் வம்பே அதுதான். அதற்கு எதிரில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் அது காட்டிக் கொடுத்துவிடும். பொத்தானை எடுக்கப் போனால் அறையையே எடுத்த மாதிரி ஆகிறது. சைக்கிளை வெளியே தள்ளினார்.

"இப்போ பாரு."

"சைக்கிள் போயிடுச்சு. சிவப்பா ஒரு கோடு வருது."

"அது டிசைன்."

"டிசைன் இல்லீங்க. உங்க படகு."

படகும் போயிற்று. அப்புறம் பேப்பர்க் கட்டுகள் அடுக்கடுக்காய்த் தெரிந்தன. அவை போனதும் கிட்டாரின் கழுத்து. பழைய சாமான் வாங்கும் வண்டி தெருவில் நின்றது. அது எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றது என்று அவர் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தானே சுமந்துகொண்டு போய் ஏற்றினார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. படியில் நின்றுவிட்டார்.

"வேணும்னா வச்சுக்குங்க," என்றாள் அவள். "எல்லாப் பொத்தானுக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் தெரிஞ்சாப் புதுமையாத்தான் இருக்கும்."

அதுவும் வண்டியேறியது. சாயங்காலம் அறை காலியாக இருந்தது. குமாஸ்தா தன் குரல் எதிரொலிப்பதைக் கேட்டு இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார்.

காலி அறையில் எடுத்த படத்தில் வெள்ளிப் பொத்தான் பாசி பிடித்த மாதிரி இருந்தது. சுவர் பச்சை. வீட்டுக்காரர் எந்தக் காலத்திலோ மலிவாகக் கிடைத்ததென்று அடித்து வைத்த பச்சை.

"இதுக்கு என்ன பண்றது?" என்று தலையைச் சொறிந்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்கதான் ஃபோட்டோக்காரர்," என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "சுவர் வெள்ளையா இருந்தா பொத்தானும் வெள்ளையா இருக்குமோ என்னவோ," என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

இரண்டாவது ஞாயிறு வெள்ளையடித்தார். முதலில் பழைய பச்சையைச் சுரண்டினார். விரிசலில் பட்டி பூசினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு பூச்சு அடித்து, உலர்ந்ததும் இன்னொரு பூச்சு. பொத்தானில் ஒரு சின்னத் திட்டு தெரிந்தாலும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றுவாரே என்ற பயத்தில், பிரஷ் போன தடம் தெரியாமல் அவ்வளவு நேர்த்தியாக அடித்தார். உத்தரத்துக்கும் அடித்தார். மூக்கு நுனியில் வெள்ளை, காதில் வெள்ளை. கை கழுவக் கீழே குழாயடிக்கு வந்தபோது கீழ்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, வீட்டுல விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணும் இல்லக்கா. ஸ்டுடியோ ரெடி பண்றேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஓ, உங்களுக்கா," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மாடியை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். "நல்லா இருங்க தம்பி," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியதற்கு வாளியின் கனம் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க வேலை மளமளவென்று நடந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் பொத்தானில் கண்ணைக் கூசும் ஒரு புள்ளி விழுந்தது. மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் வெளிச்சம் பரவலாகும். கடையில் வாங்கப் போனவரை அவள் தடுத்தாள். "எதுக்குங்க கடைக்கு? நானே தைச்சுத் தர்றேன்." அரை மணியில் சுருக்கம் வைத்து ஓரம் மடித்துத் தைத்துத் தந்தாள். அவருக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. எட்டு வருஷமாகக் கேட்ட அறை கிடைக்காதவள், அந்த அறைக்குத் தன் கையால் திரை தைக்கிறாள். இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு சரிதான். அதை அவர் புரிந்துகொண்ட விதம்தான் தப்பு.

நிழல் விழாமல் இருக்க இடப்பக்கம் ஒரு குழல் விளக்கு, வலப்பக்கம் ஒன்று. எலெக்ட்ரீஷியன் வந்தபோது அவளும் கூட நின்றாள்.

"பிளக் பாயின்ட் எங்கே வைக்கட்டும்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"மேலே, கைக்கு எட்டற மாதிரி," என்றார் குமாஸ்தா.

"கீழே வைங்க," என்றாள் அவள். "வலது கால் பக்கமா."

"கேமராவுக்கு எதுக்குக் கால் பக்கம் பிளக்?"

"ஒயர் குறுக்கே தொங்கிக்கிட்டு இருந்தாப் பொத்தான்ல தெரியாதா?"

தெரியும்தான். கீழேயே வைத்தார்கள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை. ஆபீஸ் கிடையாது. குமாஸ்தா குளித்து, பொத்தானில் கறுப்பாக எதுவும் விழக் கூடாதென்று வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளைத் துணியால் தலையையும் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போனார். ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலு பக்கமும் பால் போல வெள்ளை. திரை லேசாக அசைந்தது. எந்த மூலையிலும் நிழல் இல்லை. இது என்னுடையது என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியது. பெயின்ட் வாடை என்று சொல்லிச் சமாளிக்கவும் அங்கே ஆள் இல்லை.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார். இவ்வளவு அருகில் எடுக்கும்போது ஒரு படத்துக்கு இரண்டு விநாடி லென்ஸ் திறந்திருக்கவேண்டும். அந்த இரண்டு விநாடியும் எதுவும் அசையக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பொத்தானுக்கு இரண்டு விளிம்பு இருந்தது. மறுபடி எடுத்தார். மூன்று விளிம்பு. முக்காலியின் காலுக்கடியில் செங்கல் வைத்தார். மேஜையைச் சுவரோடு தள்ளினார். மதியத்துக்குள் அறுபது படம் எடுத்து அறுபதும் ஆடியிருந்தன. கடைசியில், தன் நெஞ்சு துடிப்பதால்தான் ஆடுகிறதோ என்று ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டும் ஒன்று எடுத்துப் பார்த்தார்.

அப்போதுதான் உள்ளங்காலில் உணர்ந்தார். தரை கிர்ரென்று அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நடைவழிக்கு ஓடினார். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து, நிறுத்து. உன் மெஷின் என் பொத்தானை ஆட்டுது."

அவள் உடனே நிறுத்தினாள். "ஐயோ, எனக்குத் தெரியாதே. எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"முப்பத்தாறு பொத்தான். ஒவ்வொண்ணையும் எட்டுத் தடவை எடுக்கணும். முன்பக்கம் தெளிவா விழுந்தா பின்பக்கம் மங்கிடுது, அதனால பகுதி பகுதியா எடுத்துச் சேர்க்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆகும்."

"சரி. நாற்பது சீருடை வெள்ளிக்கிழமை குடுக்கணும். பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கேட்டா நீங்களே சொல்லிடுங்க. பொத்தான் ஆடுதாம், அதனால பிள்ளைங்க சட்டை இல்லாம வரட்டும்னு."

அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. மெஷின் ஓடியது. அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். டாக்டர் நோயாளியின் முதுகில் அங்கங்கே குழலை வைத்துப் பார்ப்பது போல, வைத்து வைத்துப் பார்த்தார். சின்ன அறையில் வைத்தார், தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. கூடத்தில் அலை. படுக்கையறையில் அலை.

"சமையலறை மேடையில வச்சுப் பாருங்க," என்று நடைவழியிலிருந்தே குரல் கொடுத்தாள். "கல்லு மேடை. சுவரோட சேர்த்துக் கட்டினது."

வைத்தார். லேசாகத்தான் நடுங்கியது. ஆனால் நடுங்கியது.

"கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் ஆடுது. மெஷின் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கே."

"அப்படியா," என்றாள்.

"இங்கே எடுத்தாலும் வேலைக்காகாது. அடுப்பு தெரியும், டப்பா தெரியும், ஊறுகாய் பாட்டில்கூடத் தெரியும்."

அவள் எழுந்து வந்தாள். மேல் தட்டிலிருந்து ஒரு காலியான வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மாவு போட்டு வைக்கிற டப்பா. கத்தரிக்கோலால் அடிப்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டாள். பொத்தானை மேடையில் வைத்து, டப்பாவை அதன் மேல் கவிழ்த்தாள்.

"ஓட்டை வழியா எடுங்க. கொஞ்சம் சாய்ச்சு வச்சு எடுங்க. வெளியில இருந்து விளக்கைப் பிடிச்சா டப்பா முழுக்க வெளிச்சம் வரும். பொத்தானைச் சுத்தி வெள்ளை மட்டும்தான் இருக்கும்."

எடுத்தார். பார்த்தார். லேசாக ஆடியிருந்தது. ஆனால் அடுப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, அவர் இல்லை. பொத்தான் மட்டும், நிலா மாதிரி.

குமாஸ்தா டப்பாவைப் பார்த்தார். ஒரு சாண் உயரம் இருக்கும். அப்புறம், தான் இரண்டு பூச்சு அடித்த நாலு சுவரையும் உத்தரத்தையும் நினைத்தார்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நகைக்கடைக்காரர் வீட்டம்மா ஒரு தடவை சொன்னாங்க. அவங்க வீட்டுல தோடு, மூக்குத்தி எல்லாம் இப்படித்தான் எடுப்பாங்களாம்."

"அப்போ ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க எங்கே டப்பா கேட்டீங்க? ஸ்டுடியோதானே கேட்டீங்க."

பஸ்ஸில் கணக்குப் போட்ட ஏழில் இது வராது. ஆனாலும் இந்த வீட்டில் தலைவன் யார் என்பதைக் காட்டியே தீரவேண்டிய கட்டம் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"இதோ பாரு, நான் ஒண்ணு சொல்றேன். மறுபேச்சு பேசக் கூடாது."

"சொல்லுங்க."

"படம் இங்கேதான் எடுக்கப் போறேன். உன் மெஷின் இனிமே இந்தச் சுவரோரமா இருக்கக் கூடாது. தூக்கிக்கிட்டுப் போய் அந்தக் கோடியில, சின்ன ரூமுக்குள்ள போட்டுடணும்."

"உங்க ஸ்டுடியோ ஆச்சேங்க அது."

"நான் சொல்றதைக் கேளு."

"நீங்க சொன்னா சரிதான்," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மெஷினை அவரேதான் தூக்கினார். மேஜையோடு, மோட்டாரோடு, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி. ஜன்னலோரமாக இறக்கி வைத்தார். மோட்டாரின் ஒயர் நீட்டவும் தேவையில்லாமல், குறைக்கவும் தேவையில்லாமல், வலது கால் பக்கமிருந்த பிளக்கில் போய்ப் பொருந்தியது. குமாஸ்தா அந்த பிளக்கைப் பார்த்தார். இரண்டு பக்கக் குழல் விளக்கும் ஊசி முனையில் ஒரு நூல் நிழல்கூட விழாமல் எரிவதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, மூன்று வாரமாகத் தான் யாரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவள் உட்கார்ந்து, நூல் முனையை ஊசியில் கோத்துவிட்டாள். ஒரே தடவையில். நடைவழியில் அதே நூலை அவள் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, எச்சில் தொட்டு, கண்ணை இடுக்கி, ஆறு தடவை ஏழு தடவை முயற்சி செய்வதை அவர் தினமும் தாண்டித்தான் போவார். தாண்டிப் போகும்போது ஒரு நாள்கூட நின்றதில்லை. அது இப்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு ரப்பர் படகுக்கு வடக்கு ஜன்னலைக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டிக்கு நாற்பது வாட் பல்பைக் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். திறந்த வாயை வைத்துக்கொண்டு, "வெளிச்சம் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

"போதுங்க," என்றாள். "போங்க, பால் வச்சிருக்கேன். படம் எடுக்கும்போது அப்படியே அதையும் பார்த்துக்குங்க."

அறையில் மெஷின் முழுவேகத்தில் ஓடியது. சமையலறை மேடையில் டம்ளர் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. முப்பத்தாறு பொத்தானும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தது. நடுவில் அவர் பால் இறக்கினார், கீரை ஆய்ந்தார், குக்கர் சத்தம் எண்ணினார். மேடை முன்னால் நிற்கிற ஆள் இதெல்லாம் செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காதே. நாற்பது சீருடையும் அதே வெள்ளிக்கிழமை போயிற்று.

மேனேஜர் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்கேய்யா எடுத்தே, ஏதாவது பெரிய ஸ்டுடியோவா?" என்றார்.

"சின்ன ஸ்டுடியோதான் சார்," என்றார் குமாஸ்தா. டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த கேட்டலாக்குக்கான ஜிப் இழுப்பான்கள் நாற்பத்திரண்டையும் நீயே எடு என்று மேனேஜர் அள்ளிக் கொடுத்துவிட்டார். அறை போனால் போகட்டும், பேர் கிடைத்ததே என்று குமாஸ்தா தேற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவர் மேடை முன்னால் நின்று இருபதாவது ஜிப் இழுப்பானை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பெரிய கார் வந்து நின்றது. மேனேஜர் வீட்டம்மா. கையில் துணிப் பை. மனைவி வரவேற்று அறைக்குள் அழைத்துப் போவது கேட்டது. குமாஸ்தா பட்டனை அழுத்திவிட்டு, லென்ஸ் மூடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டார். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தார், உங்க வீட்டுக்காரர் வேலை ரொம்ப சுத்தம்னு. நேர்ல பார்த்தாத்தான் தெரியுது," என்றார் அந்த அம்மாள்.

மூச்சை அடக்கிய நெஞ்சு அப்படியே விரிந்தது.

"அவர் எதை எடுத்தாலும் அப்படித்தான். ஒரு புள்ளி தப்பாது," என்றாள் மனைவி. அவருக்கு இன்னும் இரண்டு அங்குலம் விரிந்தது.

"இந்தச் சுவரைப் பாருங்களேன். ஒரு பிரஷ் தடம் இருக்கா? நாங்க ஆள் வச்சு அடிச்சோம், திட்டுத் திட்டா நிக்குது. எங்க மாடி ரூம் ஒண்ணு இருக்கு, பத்துக்குப் பன்னிரண்டு. உங்க வீட்டுக்காரரை ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்ப முடியுமா?"

குமாஸ்தா மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் அப்போதுதான் அடுத்த படத்துக்குப் பட்டனை அழுத்தியிருந்தார். வாயைத் திறந்தால் படம் ஆடிவிடும். அந்த இரண்டு விநாடிக்குள் மனைவியின் குரல் வந்துவிட்டது.

"நாளைக்குக் கீழ்வீட்டு அக்காவுக்குச் சொல்லியாச்சுங்க. அடுத்த ஞாயிறு காலையிலயே அனுப்பி வைக்கிறேன், ஏணி மட்டும் எடுத்து வைங்க, பிரஷ் அவரே கொண்டு வந்துடுவார்."